பொந்து பார்க்கும் ஈ

மலைக்குளிரில் யாகப்பனுக்கு இடது தோள் மட்டும் வியர்த்தது.

வலப்பக்கக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. சித்தேரி மலையின் மார்கழிக் காற்று ஈரத்தோடு உள்ளே வந்து கன்னத்தில் அறைந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வலது கை விரல்கள் மரத்துப் போயிருந்தன. இடப்பக்கம் மட்டும் எரிகிற அடுப்புக்கு அருகில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கியர் மாற்றக் கையை எடுத்தபோதெல்லாம் அந்தச் சூடு முழங்கை வரை ஏறியது. இஞ்சின் சூடாக இருக்கும் என்று நினைத்தார். அதற்கு மேல் நினைக்க அவரிடம் தெம்பு இல்லை. நேற்று ராத்திரி தக்காளி லோடோடு சென்னை, முந்தாநாள் ராத்திரி பெங்களூர், இன்றைக்குத் தேனீப் பெட்டி. உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. காரிமங்கலத்தில் பெட்டிகளை இறக்கிவிட்டு, தருமபுரி வீட்டுக்குப் போய், மனைவி ராயம்மாள் விளாவி வைக்கும் வெந்நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு படுக்க வேண்டும். இந்த உலகத்தில் அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பக்கத்துச் சீட்டில் பச்சியப்பன் தூங்கிக்கொண்டிருந்தார். பின்னால் இருக்கும் பெட்டிகளின் சொந்தக்காரர். போட்டிருந்த வெள்ளை அங்கியைக் கூடக் கழற்றவில்லை. வலை கட்டிய தொப்பி முகத்தை மறைத்துத் தொங்கியது; கையுறை போட்ட கைகள் மடியில் கிடந்தன. ஏறி உட்கார்ந்ததில் இருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. யாகப்பன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் இருவருக்கும் கொஞ்சம் வாக்குவாதம் ஆகியிருந்தது. மனுஷனுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை போல என்று விட்டுவிட்டார்.

தேனீப் பெட்டியை லாரியில் ஏற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பகலில் ஏற்றக் கூடாது. பூவுக்குப் போன ஈக்களெல்லாம் திரும்பி வந்து, இருட்டு கட்டிய பிறகுதான் பெட்டியின் வாசலைக் கம்பி வலையால் அடைக்க வேண்டும். ஏற்றிய பிறகு இஞ்சினை அணைக்கக் கூடாது. வண்டி அதிர்ந்துகொண்டே இருந்தால் ஈ அடங்கிக் கிடக்கும், நின்றுவிட்டால் கிளம்பும். விளக்கு அடிக்கக் கூடாது. வாய்க்காற்று படக் கூடாது. விடிவதற்குள் இறக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் அடைத்த பெட்டிக்குள்ளேயே வெந்து செத்துப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசிப் பெட்டி ஒன்றை வாசல் திறந்தபடி அங்கேயே விட்டுவைத்து, பிந்தி வருகிற ஈயெல்லாம் அதற்குள் புகுந்த பிறகே அதைத் தூக்க வேண்டும். பச்சியப்பன் இதை ஒவ்வொரு பயணத்திலும் ஜெபம் மாதிரி ஒப்பிப்பார். யாகப்பனும் பூசையில் தூங்குகிறவர் மாதிரி தலையாட்டிக் கேட்பார்.

இன்றைக்கு அந்தக் கடைசிப் பெட்டியில்தான் யாகப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. மேற்கே வெளிச்சம் மிச்சம் இருந்தது. சரிவு நெடுக, இதுவரை ஈக்கள் மேய்ந்த உச்செள்ளுச் செடிகள் பூ முடிந்து கறுத்து நின்றன. ஏற்றுக்கூலிக்கு வந்த ஊர்க்காரர்கள் அப்போதே மேலே நடந்து போய்விட்டார்கள்.

“தம்பி, அதையும் தூக்கி வெச்சிடலாமுங்க. எனக்குக் கண்ணு சொருவுது” என்றார் யாகப்பன்.

“இன்னும் ஈ வரணும்ண்ணா. நல்லா இருட்டட்டும்.”

“ரெண்டு கை ஈ இருக்குமா? அதுக்காவ இங்கயே குந்தினு இருந்தா நான் வளைவுல தூங்கிடுவங்க. அப்பறம் மொத்தப் பொட்டியும் பள்ளத்துலதான்.”

பச்சியப்பன் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டிகள் இருந்த இடத்தில் நாலைந்து ஈக்கள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. “வூட்டக் காணாம அதே எடத்துல கொத்தாத் தொங்கும்ண்ணா. அப்பறம் அதுல நாலு ஈ மட்டும் பொந்து பாக்கக் கெளம்பும். மரமோ, பானையோ, செவுத்து ஓட்டையோ. உள்ள பூந்து, சுத்தி நடந்து பாக்கும். புடிச்சிப்போச்சின்னா வெளிய வந்து ஆடிக் காட்டும். ஒடனே மொத்தமும் எந்திரிச்சி அங்க குடி போயிடும்.”

“அப்பறம் என்னாங்க. அதுங்களே வூடு பாத்துக்குது. தூக்குங்க.”

தூக்கினார்கள். வாசலை யாகப்பனே அடைத்தார். லோடு மேல் வலையைப் போர்த்திக் கயிறு இழுத்துக் கட்டியதும், பச்சியப்பன் தன் போனை கேபினில் சார்ஜில் போட்டுவிட்டு, இடப்பக்கக் கதவைத் திறந்தபடியே விட்டுப் போனார். யாகப்பன் இஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடினார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. விழித்தபோது நன்றாக இருட்டியிருந்தது, பக்கத்துச் சீட்டில் வெள்ளையாக ஆள் உட்கார்ந்திருந்தது. “போலாங்களா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வண்டியை எடுத்தார். வண்டி அசைந்ததில் கதவு தானாக அடித்துச் சாத்திக்கொண்டது.

இப்போது வளைவு வளைவாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் பெட்டிகள் ஒரே சுருதியில் முனகின. இந்தச் சத்தம் யாகப்பனுக்குப் பழக்கம்தான். தூரத்துக் கோயிலில் யாரோ ஜெபமாலை சொல்வது போலத் தொடர்ந்து, தூக்கத்தை இழுத்துக்கொண்டு வரும். அதனால்தான் வழக்கமாகப் பச்சியப்பன் வழிநெடுகப் பேசிக்கொண்டே வருவார். யாகப்பன் கன்னத்தில் தானே ஓர் அறை அறைந்துகொண்டார்.

டாஷ்போர்டின் மேல் ஓர் ஈ நடந்து வந்தது.

ஒன்றிரண்டு ஈ கேபினுக்குள் வந்துவிடுவது சகஜம். இருட்டில் ஈ பறக்காது, நடக்கும். மீட்டர் வெளிச்சத்தில் அது சிறிய நிழலை இழுத்துக்கொண்டு நிதானமாக நடந்தது. ஒலிபெருக்கியின் துளைகளை ஒவ்வொன்றாக முகர்ந்தது. வேளாங்கண்ணி மாதா படத்தின் பின்னால் போய் வந்தது. மூடி இல்லாத தண்ணீர் பாட்டிலின் வாயில் ஏறி, விளிம்பைச் சுற்றி நடந்து, கொஞ்சம் உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. அதற்குப் பாட்டில் பிடிக்கவில்லை போலிருக்கிறது. திரும்பி இடப்பக்கமாகவே போய், இருட்டில் மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் வேறொன்று யாகப்பனின் சட்டைக் காலரில் ஏறியது. அவர் அசையவில்லை. கழுத்தில் நடந்து, காது மடலை அடைந்து, வளைவைப் பின்பற்றித் துளை வரைக்கும் வந்து நின்றது. காதுக்குள் அதன் கால்கள் காகிதத்தைச் சுரண்டுவது போலக் கேட்டன. அங்கேயே சுற்றியது. இறங்கியது. சீட்டின் மேல் நடந்து அதுவும் இடப்பக்கம் போனது.

“தம்பி, உங்க ஈ என் காதுக்குள்ள பூரப் பாக்குதுங்க” என்றார், பேச்சை ஆரம்பித்து வைக்கலாம் என்று.

தொப்பி இந்தப் பக்கம் திரும்பவில்லை.

வளைவு வந்தது. பிரேக்கை மிதித்தார். வண்டி வேகம் குறைந்ததும் முனகல் உயர்ந்தது. அது உயரும், அதிலும் புதுசு இல்லை. ஆனால் இந்த முறை அது பின்னாலிருந்து வரவில்லை. பக்கத்தில் இருந்து வந்தது. வளைவு முடிந்து வண்டி வேகமெடுத்ததும் தணிந்தது.

தூக்கக் கலக்கம், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் வாசனை வந்தது. கனிந்து கறுத்த வாழைப்பழ வாசனை. பச்சியப்பன் சொல்லியிருக்கிறார்: ஈ மிரண்டால் அந்த வாசம்தான் வரும், அந்த வாசம் வந்தால் கையை எடுத்துவிட்டு நகர்ந்துபோய்விட வேண்டும். கேபினில் நகர்ந்து எங்கே போவது? யாகப்பன் ஓரக்கண்ணால் பார்த்தார். வெள்ளை அங்கி வண்டியின் ஆட்டத்துக்கு ஏற்ப ஆடிக்கொண்டிருந்தது. அவர் மூச்சைக் கவனித்தார். தூங்குகிற ஆளுக்கு மார்பு ஏறி இறங்கும். இந்த மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. அங்கித் துணி முழுவதும், தோளிலும் தொடையிலும் கையிலும், ஒரே மாதிரி மெல்ல நெளிந்துகொண்டிருந்தது. கொதி வருவதற்கு முன்னால் பால் நெளியுமே, அப்படி.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்தச் சீட்டின் ஸ்பிரிங் எப்போதோ உடைந்துபோனது. ஒரு குழந்தை உட்கார்ந்தால்கூடக் கிறீச்சென்று ஊரைக் கூட்டும். இன்று இத்தனை வளைவிலும் அது ஒரு தடவை கத்தவில்லை.

பச்சியப்பனின் போன் அடித்தது.

சார்ஜர் ஒயரின் முனையில், டாஷ்போர்டின் மேல் கிடந்து அதிர்ந்தது. இறங்குகிற வழியில் இந்த முகப்பில் மட்டும் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். திரையில் ‘நிர்மலா’ என்று வந்தது. பக்கத்துச் சீட்டில் அசைவில்லை. அடித்து அடித்து நின்று, மறுபடி அடித்தது. யாகப்பன் எட்டி எடுத்தார். பச்சியப்பனின் மனைவி நிர்மலாதேவியின் குரல் பதறியது.

“யாருங்க, யாகப்பண்ணாங்களா? அவர மலையிலயே வுட்டுட்டு வந்துட்டீங்களாமே? என்னாண்ணா இப்பிடிப் பண்ணிட்டீங்க?”

“யாரயம்மா வுட்டுட்டு? தம்பி இங்கதான் பக்கத்துல...”

“என்னாண்ணா சொல்றீங்க. இப்பதான் மேல ஊருக்கு நடந்து போயி, கடைக்காரரு போன்ல இருந்து பேசினாரு. வேத்துப் போச்சின்னு அங்கி, தொப்பி, கையுறை எல்லாத்தயும் கழட்டி, பொட்டி இருந்த எடத்துல ஒரு கொம்புல மாட்டிட்டு ஓடையில மூஞ்சி கழுவப் போனாராம். திரும்பி வந்து பாத்தா வண்டியும் இல்லியாம், அங்கியும் இல்லியாம். அண்ணா? கேக்குதுங்களா?”

சிக்னல் போய்விட்டது.

போன் திரையின் வெளிச்சம் அவர் கையில் இன்னும் இருந்தது. அது வலையின் மேல் விழுந்தது. வலைக்குப் பின்னால் கண் இல்லை. மூக்கு இல்லை. பழுப்பும் கறுப்புமாக ஏதோ ஒன்று, முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகத்தின் உருட்சியோடு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நகர்ந்துகொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் அது மெல்ல அவர் பக்கம் திரும்பியது.

யாகப்பன் போனைத் தொடைக்கு அடியில் அமுக்கினார்.

இருட்டு.

மாதாவே. மாதாவே. வாய்க்குள்தான் சொன்னார். உதடு பிரியவில்லை. வாய்க்காற்று படக் கூடாது. மூக்கால் கொஞ்சமாக இழுத்து, கொஞ்சமாக விட்டார்.  ரெண்டு கை ஈ என்று சொன்னது இவர்தான். அதுங்களே வூடு பாத்துக்குது என்று தூக்கச் சொன்னதும் இவர்தான்.

குதித்துவிடலாமா? குதிக்க வேகம் குறைக்க வேண்டும். குறைத்தால் அது கிளம்பும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். இஞ்சின் ஓடட்டும். ஓடும் வரைக்கும் அடங்கியிருக்கும். காரிமங்கலம் வரைக்கும் நிற்காமல் போய்விட்டால், அங்கே பெட்டி இறக்குகிற துவரைக் காட்டில் ஆள் இருப்பார்கள், புகை போடுவார்கள். நிற்காமல் போக வேண்டும். அவ்வளவுதான். தூக்கம் போன இடம் தெரியவில்லை; ஆனால் உடம்பின் அசதி போகவில்லை.  இத்தனை அசதியோடு இத்தனை பயத்தையும் ஒரு உடம்பு எப்படித் தாங்கும் என்று அவருக்கே அழுகை வந்தது.

கியர் கம்பியின் மேல் மூன்று ஈக்கள் ஏறின. கையின் மேல் ஏறின. சட்டை, கழுத்து, தாடை. அவசரமே இல்லை. ஒன்று மூக்குத் துளையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தது. சின்னது. விட்டுவிட்டது. மற்றது உதட்டுக்கு வந்தது. இடது ஓரத்தில் இருந்து வலது ஓரத்துக்கு நடந்தது. திரும்பி நடந்தது. இரண்டு உதடும் சேர்கிற கோட்டில் நின்று, முன்னங்காலால் தட்டியது.

உள்ளே இடம் இருப்பது அதற்குத் தெரிந்துவிட்டது.

யாகப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார். கடைசி வளைவு திரும்பியது. கீழே வெளிச்சம் தெரிந்தது. அடிவாரத்துச் செக்போஸ்ட்.

மாதவராஜ். அவர் மறந்தே போயிருந்தார். செக்போஸ்ட்டுக் காவலுக்கு இருக்கிற பையன், கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. மத்தியானம் மேலே ஏறும்போது இடப்பக்க ஜன்னலில் தலையை விட்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, “தேன்காரண்ணா, எறங்கறப்ப ஒரு பாட்டில் தேன் குடுக்காம போனீங்கன்னா கேட்டத் தெறக்கவே மாட்டேன்” என்று வம்பு பண்ணினான். பச்சியப்பனும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

குறுக்குக் கம்பம் இறங்கியிருந்தது.

தூக்குடா. தூக்குடா, சாமி. யாகப்பன் முகப்பு விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். நிற்க முடியாது என்று அவனுக்குப் புரியட்டும். மாதவராஜ் கையை உயர்த்தி ஆட்டினான். கம்பத்துக்குப் போகவில்லை. அறைக்குள் போய் டார்ச்சை எடுத்துக்கொண்டு சாலையின் நடுவில் வந்து நின்றான்.

மோதிவிட்டுப் போகலாம். கம்பம் இரும்பு. அதற்கு முன்னால் அவன்.

பிரேக்கை மிதித்தார்.

வண்டி நின்றது. கிளட்ச்சை மிதித்தபடி இஞ்சினை உறுமவிட்டார். போதவில்லை. முனகல் ஏறியது. ஏறி, கேபின் தகரம் அதிர்ந்தது. மாதாவின் படம் அதிர்ந்தது. வாழைப்பழ வாசனை தொண்டையை அடைத்தது. டார்ச் வெளிச்சம் ஆடியாடி இடப்பக்கமாகவே வந்தது.

“என்னா டிரைவரண்ணா, லைட்டு ரிப்பேரா? இஞ்சின இப்பிடிக் கத்த வுடறீங்க?”

யாகப்பன் தலையை ஆட்டினார். வேண்டாம், போ, போ என்று கண்ணால் சொன்னார். இருட்டில் கண் யாருக்குத் தெரியும். உதட்டின் மேல் இப்போது இரண்டு ஈ. மூன்று. சாத்திய கதவின் முன் நிற்கிற மாதிரி வரிசையாக நின்றன.

மாதவராஜ் கதவின் படியில் ஏறி ஜன்னலுக்குள் தலையை நீட்டினான். “தேன்காரரே. தூங்கற மாரி நடிச்சா வுட்டுடுவனா? எங்க என் பாட்டிலு?” சிரித்தான். வாயைப் பெரிதாகத் திறந்து சிரித்தான். தொப்பியைத் தூக்கி முகத்தைப் பார்க்கக் கையைக் கொண்டுபோனான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாகப்பனுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. அதற்கு ஓர் இடம்தான் வேண்டும். இதோ ஜன்னலில் திறந்திருக்கிறது, சூடாக, சிரித்துக்கொண்டு. கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, கொஞ்ச நேரம். பிறகு வீடு. வெந்நீர். தூக்கம்.

விரல் வலையைத் தொடப் போனது.

“தொடாத! ஓட்றா!”

அவர் குரல்தான். அவர் வாய்தான்.

முனகல் சட்டென்று நின்றது.

மாதவராஜ் படியில் இருந்து பின்னால் சாய்ந்து விழுந்தான். டார்ச் உருண்டுபோய்ச் சாலையில் கிடந்து வண்டியின் முன்கண்ணாடியில் வெளிச்சம் அடித்தது. கிளட்ச்சில் இருந்து கால் வழுக்கியது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. இத்தனை நேரம் கழித்து அந்த மலைக்குரிய அமைதி வந்தது. பின்னால் பெட்டிகளும் மூச்சுவிடவில்லை.

கண்ணாடியில் யாகப்பன் தன் முகத்தைப் பார்த்தார். வாய் திறந்திருந்தது. மூட வேண்டும் என்று தெரிந்தது. தாடை கேட்கவில்லை. ஓர் ஈ பல்லைத் தாண்டி உள்ளே போயிருந்தது. நாக்கின் மேல் நடந்தது. கன்னத்தின் உட்புறம் ஏறியது. அண்ணத்தில் தலைகீழாக நடந்தது. தொண்டையின் விளிம்புக்குப் போய், எட்டிப் பார்த்து, எவ்வளவு ஆழம் என்று நிதானமாக அளந்தது. பிறகு வந்த வழியே திரும்பி, கீழுதட்டில் ஏறி நின்றது.

அங்கே, டார்ச் வெளிச்சத்தில், அது ஆடத் தொடங்கியது.

பக்கத்துச் சீட்டில் வெள்ளைத் தொப்பி உச்சியில் இருந்து மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டிருந்தது.